நகையை வைத்து ஏஎம்டியா, இன்டெலா? திருப்பூர் வாசகருக்கு ஒரு ஆடிட்டரின் பதில்

கடிதம் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது. ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறார். எல்லாமே எக்ஸ்போர்ட் ஆர்டர், பெரும்பகுதி அமெரிக்கா போகும் சரக்கு. 2024 மார்ச்சில் செல்போன் ஆப் ஒன்றின் வழியாக கம்ப்யூட்டர் சிப் (பிராசஸர்) செய்யும் அமெரிக்க நிறுவனமான ஏஎம்டியின் பங்குகளை 14 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது பாதிக்கும் கீழே போனது. விற்கவில்லை. இப்போது 22 லட்சம் என்று ஆப் காட்டுகிறது.

மனைவியின் அண்ணன் பெங்களூரில் ஒரு சிப் டிசைன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் ஏஎம்டியின் பழைய போட்டியாளரான இன்டெல் கட்சி. "இன்டெலின் புது 18ஏ சிப் தயாரிப்புத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, இனி ஏஎம்டி எழுந்திருக்காது" என்கிறார். நம்மவரோ, ஏஎம்டியின் ஜென் 6 பிராசஸர் வரிசை வெளிவந்தால் இன்டெல் கதை முடிந்தது என்கிறார். கோயில் விசேஷம், கல்யாண வீடு எங்கே சந்தித்தாலும் இந்தப் பேச்சுதானாம். கடைசியில் இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள்: புது பிராசஸர்கள் கடைக்கு வருவதற்குள் பெரிய தொகையாகப் போட்டுவிட வேண்டும்.

தொகை 45 லட்சம். ஏலச் சீட்டு எடுத்து 20 லட்சம், அப்பாவின் தோட்டத்துச் சிட்டா அடங்கலைக் காட்டி மனைவியின் நகைமேல் விவசாய நகைக்கடன் 15 லட்சம், யூனிட்டின் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கிலிருந்து 10 லட்சம். "வீட்டில் அரைமனசாக இருக்கிறார்கள்" என்று ஒரு வரி. கேள்விகள் நான்கு: ஏஎம்டியா, இன்டெலா? கடன் வாங்கிப் போடலாமா? பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால்தானே வரி? மனைவி பேரிலும் அப்பா பேரிலும் பிரித்து அனுப்பினால் நல்லதா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிட்டர். எந்தப் பங்கை வாங்கு என்று சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அது என் வேலை இல்லை. ஆனால் நீங்களும் மச்சானும் பேசும் பேச்சில் எது பங்கு விலையோடு சம்பந்தப்பட்டது, எது இல்லை என்று காட்ட முடியும். அதற்கு அந்தக் கம்பெனிகளின் பழைய வரலாறே போதும்.

நல்ல பிராசஸர் வந்தால் பங்கு ஏறுமா?

நீங்கள் இருவரும் இதை ஆமாம் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் பிராசஸரைக் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாகப் பின்தங்கிக் கிடந்த கம்பெனி இன்டெலுக்குச் சமமாக வந்து நின்ற தருணம் அது. விமர்சனங்கள் பெரும்பாலும் பாராட்டு. இரண்டு மாதம் கழித்து, மே 2ஆம் தேதி, காலாண்டுக் கணக்கு வந்த மறுநாள் பங்கு ஒரே நாளில் சுமார் 24 சதவீதம் விழுந்தது. காரணம் பிராசஸர் இல்லை. லாப விகிதம் சந்தை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் பின்னே போவோம். 2006 தொடக்கத்தில் ஏஎம்டியின் பங்கு 40 டாலரைத் தாண்டியிருந்தது. அத்லான், ஆப்டெரான் என்று அன்றைக்கு அதன் சிப்கள் உண்மையிலேயே முன்னணியில் இருந்தன. அந்த ஆண்டு ஜூலையில் இன்டெல் கோர் 2 வரிசையைக் கொண்டுவந்தது. ஏஎம்டியின் பங்கு சரிந்துகொண்டே போய் 2015இல் 2 டாலருக்கும் கீழே வந்தது. 2006இல் உச்சத்தில் வாங்கியவர் அதே விலையை மறுபடி பார்க்க 2019 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "2 டாலருக்கு வாங்கியவன் இன்றைக்குக் கோடீஸ்வரன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அந்த 2 டாலர், 40க்கு வாங்கியவர் விற்றுவிட்டுப் போன விலை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015இல் கம்பெனி பிழைக்குமா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். அன்றைக்கு நகையை வைத்து ஏஎம்டி வாங்கப்போகிறேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால் உங்கள் மச்சானே வந்து கையைப் பிடித்திருப்பார்.

இதற்குக் காரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. பஞ்சு வரத்து குறையும் என்ற செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு பழைய விலைக்கு நூல் கிடைக்குமா? மில்காரர் செய்தி வந்ததுமே விலையை ஏற்றிவிடுவார். ஜென் 6 வரப்போவதும் 18ஏ வந்திருப்பதும் உலகத்தில் இந்தத் துறையைக் கவனிக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஏஎம்டியே தன் அடுத்த சர்வர் சிப்பான வெனிஸ், தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் தயாராகிறது என்று 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. இன்றைய விலையில் அந்த எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது. இனி விலை நகர வேண்டுமானால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ ஏதாவது நடக்க வேண்டும்.

மச்சானின் கட்சி

மச்சான் சொல்வதில் தொழில்நுட்பம் சரியாகவே இருக்கிறது. 18ஏ முறையில் இரண்டு பெரிய மாற்றங்கள். டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் போகும் பாதையை நாலாபுறமும் சுற்றி வளைத்துக் கட்டுப்படுத்துவது ஒன்று. மின்சாரம் கொடுக்கும் கம்பிகளைச் சிப்பின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோவது இன்னொன்று. முதலாவது டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டரிலும் உண்டு. இரண்டாவதில் இன்டெல் முந்திவிட்டது. அந்த முறையில் செய்த பாந்தர் லேக் பிராசஸரை 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. இது சாதனைதான்.

ஆனால் பங்கு வாங்குபவர் இன்டெலின் வாக்குறுதி வரலாற்றையும் படிக்க வேண்டும். 10 நானோமீட்டர் முறை பல ஆண்டுகள் தாமதமாகி 2019இல்தான் பெரிய அளவில் வந்தது. அடுத்த 7 நானோமீட்டரும் தள்ளிப்போகிறது என்று 2020 ஜூலையில் சொன்னபோது பங்கு ஒரே நாளில் 16 சதவீதம் விழுந்தது. 2024 ஆகஸ்டில் டிவிடெண்டை நிறுத்துகிறோம், 15 சதவீத ஆட்களைக் குறைக்கிறோம் என்றபோது ஒரே நாளில் 26 சதவீதம். அந்த ஆண்டு முழுக்கணக்கில் நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே ஒரு பங்கு 20.47 டாலர் என்ற விலையில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தது. 2000 ஆகஸ்டில் அதே பங்கு 75 டாலரைத் தொட்டிருந்தது. அன்றைக்கு வாங்கியவருடைய பிள்ளை 25 ஆண்டுகளில் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பார்.

இன்டெலின் பிரச்சினை நல்ல சிப்பை வடிவமைக்கத் தெரியாதது இல்லை. ஒரு வேஃபரில், அதாவது சிப்களை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தகட்டில், எத்தனை சிப் தேறுகிறது, அந்த ஆலைகளுக்குப் போட்ட பணத்துக்கு வெளியாள் ஆர்டர் வருகிறதா என்பவைதான் கேள்விகள். மச்சானின் டிசைன் அனுபவம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது. இன்னொன்று, சமீபத்து இன்டெல் பிராசஸர்கள் சிலவற்றில் முக்கியமான பகுதியையே டிஎஸ்எம்சிதான் செய்து கொடுத்தது. நீங்கள் இருவரும் எதிரெதிர் கட்சி என்று நினைக்கிறீர்கள். இரண்டு கம்பெனிகளும் ஒரே தைவான் ஆலையின் வாசலில் நின்றிருக்கின்றன. அங்கே ஒரு சிக்கல் வந்தால் இரண்டு பேருக்கும் அடி.

உங்கள் கட்சி

ரைசனின் வேகப் பட்டியல்களை நிறையப் பார்க்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. கேம் விளையாட எந்தச் சிப் நல்லது என்பதற்கு அது உதவும். ஏஎம்டியின் 2024 விற்பனை சுமார் 2,580 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, 1,260 கோடி, டேட்டா சென்டர் பிரிவிலிருந்து வந்தது. 2025 அக்டோபர் 6ஆம் தேதி பங்கு ஒரே நாளில் சுமார் 24 சதவீதம் ஏறியதே, அன்றைக்கு எந்தப் புது பிராசஸரும் வெளிவரவில்லை. சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்துக்கு 6 கிகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்குச் செயற்கை நுண்ணறிவுச் சிப்கள் கொடுக்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பதிலுக்கு ஏஎம்டி தன்னுடைய 16 கோடிப் பங்குகள் வரை வாங்கிக்கொள்ளும் உரிமையை நிபந்தனைகளோடு அந்த நிறுவனத்துக்கே கொடுத்திருக்கிறது. அந்த நிபந்தனைகள் நிறைவேறினால் உங்கள் பங்கின் பாகம் அந்த அளவுக்குச் சிறுக்கும். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஜென் 6இன் கோர் எண்ணிக்கை மூன்று இடத்தில் வருகிறது.

அப்புறம், ஏஎம்டியின் பங்கு எப்படி அலைகிறது என்பது. 2021 நவம்பரில் 160 டாலருக்கு மேல், அடுத்த அக்டோபரில் 60க்குக் கீழ். 2024 மார்ச்சில் 200க்கு மேல், 2025 ஏப்ரலில் 80க்குக் கீழ். நான்கு ஆண்டுக்குள் இரண்டு முறை 60 சதவீதத்துக்கும் மேல் சரிவு. கம்பெனி கெட்டுப்போகவில்லை, தலைமை அதிகாரி லிசா சூவின் நிர்வாகம் நன்றாகவே நடக்கிறது. நல்ல கம்பெனிக்கும் இந்த அலைச்சல் உண்டு.

"உள்ளே இருந்து வரும் தகவல்" என்று மச்சான் சொன்னதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பொதுவாகப் படித்ததைச் சொன்னால் பிரச்சினை இல்லை. அவருடைய கம்பெனியோ அதன் வாடிக்கையாளரோ இன்னும் வெளியிடாத ஒரு விஷயத்தைக் கேட்டு அதை வைத்து நீங்கள் அமெரிக்கப் பங்கு வாங்கினால், அது அந்நாட்டுச் சட்டப்படி உள்வணிகக் குற்றமாகலாம். திருப்பூரில் இருக்கிறேன் என்பது பாதுகாப்பு ஆகாது. உங்களுக்கு முன்பாக அவர் வேலை போகும். அந்த மாதிரிப் பேச்சு வந்தால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுங்கள்.

இந்த 45 லட்சம் யாருடையது?

இதற்குத்தான் கடிதத்தில் மிகக் குறைவான இடம் கொடுத்திருக்கிறீர்கள், எனக்கு மிகக் கவலை தந்ததும் இதுதான்.

சீட்டை எடுத்துப் போடுவதைச் சேமிப்பு என்கிறீர்கள். பாதியில் தள்ளி எடுத்தால் அது கடன்தான். தள்ளிய தொகை போக மீதி கைக்கு வரும், மாதத் தவணை கடைசி வரை கட்ட வேண்டும். ஓடி கணக்கு உங்கள் யூனிட்டின் சம்பளத்துக்கும் சரக்குக்கும் வங்கி கொடுத்தது. அதை எடுத்து வெளிநாட்டுப் பங்கில் போட்டால் வங்கியின் நிபந்தனையை மீறுகிறீர்கள், அந்த வட்டியைத் தொழில் செலவாகக் காட்டவும் முடியாது. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

விவசாய நகைக்கடன் இன்னும் மோசம். அது பயிருக்கும் தோட்டச் செலவுக்கும் கொடுக்கிற கடன். சிட்டாவில் இருப்பது அப்பாவின் பெயர், அடகில் இருப்பது உங்கள் மனைவியின் நகை, ஆசை உங்களுடையது. அதோடு, வெளிநாட்டில் பங்கு வாங்குவதற்காக அனுப்பும் பணத்துக்கு வங்கிகள் கடன் வசதி கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. எல்ஆர்எஸ் என்கிற திட்டத்தில் ஆளுக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பது நீங்கள் சொன்னபடி சரி. கடன் வாங்கி அனுப்பலாம் என்பது அதில் இல்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கு மட்டும் பார்ப்போம். இருக்கும் 22 லட்சமும் புதிய 45 லட்சமும் சேர்ந்து 67 லட்சம். 2025 ஏப்ரல் மாதிரி ஒரு சரிவில் அது பாதியானால் கையில் 33½ லட்சம், கடன் 45 லட்சம். எல்லாவற்றையும் விற்றாலும் 11½ லட்சம் துண்டு விழும், வட்டி தனி. போன முறை பாதிக்குக் கீழே போனபோதும் நீங்கள் விற்காமல் இருந்ததைத் துணிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். துணிச்சல் இருக்கட்டும், அது சொந்தப் பணமாகவும் இருந்தது. மாதம் பிறந்தால் யாரும் வட்டி கேட்டு வரவில்லை. கடன் பணத்தில் போட்டவரால் சரிவில் காத்திருக்க முடியாது. நகை ஏலத்துக்குப் போகும் தேதி வந்துவிடும்.

உங்களுக்கு மட்டும் இன்னொரு ஆபத்து. 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் ஏஎம்டி அப்படி விழுந்ததற்கு முக்கியக் காரணம் அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரிகள். அதே மாதம் சீனாவுக்குச் சில சிப்களை விற்க வந்த கட்டுப்பாட்டால் சுமார் 80 கோடி டாலர் வரை இழப்பு வரலாம் என்று கம்பெனி சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி வந்தபோது திருப்பூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் உங்கள் ஆர்டரும் குறையும், உங்கள் பங்கும் விழும். பெங்களூரில் மாதச் சம்பளம் வாங்கும் மச்சானுக்கு இந்த இரட்டை அடி கிடையாது. ஆகவே அவர் போடும் அளவுக்கு நீங்களும் போடலாம் என்று நினைக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் நகையை வைத்து நம்பிக்கையில் இறங்குவது புதிதில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் பணம் போட்டு இழந்தவர்களை இன்றும் பார்க்கலாம். ஏஎம்டியும் இன்டெலும் அந்த ரகம் இல்லை, காலாண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பொதுவில் வைக்கும் பெரிய கம்பெனிகள். மோசடி இல்லாத இடத்திலும் அடகு வைத்த நகை போகும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வரி விஷயத்தில் நீங்கள் நினைப்பது தவறு

பணம் இந்தியாவுக்கு வந்தால்தான் வரி என்பது இங்கே குடியிருப்பவருக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் விற்று அந்த ஆப் கணக்கிலேயே டாலராக வைத்திருந்தாலும், வேறு பங்கு வாங்கினாலும், விற்ற ஆண்டில் இங்கே வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் என்றால் உங்கள் வருமான அடுக்கின்படி. லாபம் ரூபாயில் கணக்கிடப்படுவதால் டாலர் ஏறியதும் லாபத்தில் சேரும்.

அதைவிட அவசரமானது வேறு ஒன்று. கடிதத்தில் போகிற போக்கில் "ஐடிஆர் 4 போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் அந்த வருமான வரிப் படிவத்தைப் போடக் கூடாது. உங்கள் மாதிரி தொழில் செய்பவருக்கு ஐடிஆர் 3. அதில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை எஃப்ஏவில், விற்காவிட்டாலும், லாபமே இல்லாவிட்டாலும், அந்தப் பங்குகளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. 20 லட்சத்தைத் தாண்டாத சொத்துக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். உங்களுடையது இப்போது 22. அமெரிக்காவிலிருந்து இந்த விவரங்கள் நம் வருமான வரித்துறைக்குத் தானாகவே வருகின்றன. 2024 நவம்பரில் இப்படி விட்டுப்போனவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். உங்களுக்கு வந்து அதை விளம்பரம் என்று அழித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரியான டிசிஎஸ் கணக்கும் உங்கள் திட்டத்தில் இல்லை. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்கு அனுப்பினால் மீறிய தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்துவிடும். 45 லட்சம் அனுப்ப 7 லட்சம் தனியாக வேண்டும். அது தொலைந்துபோகாது, அட்வான்ஸ் டாக்ஸில் கழிக்கலாம் அல்லது ரீஃபண்டு வாங்கலாம். அதுவரை அந்த 7 லட்சத்துக்கும் வட்டி நீங்கள்தான் கட்டுவீர்கள்.

பேர் பிரிப்பதைப் பற்றி. மனைவிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் வரும் லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும், ஆகவே வரியில் ஆதாயம் இல்லை. அப்பாவுக்குக் கொடுத்தால் அப்படிச் சேராது. ஆனால் அவர் பெயரில் கணக்கு, அவர் பெயரில் ரிட்டர்ன், அதிலும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. தோட்டத்தைப் பார்க்கிற மனிதரை இதில் இழுக்க வேண்டுமா?

நீங்கள் கேட்காத ஒன்று: அமெரிக்கக் குடியுரிமையும் அங்கே நிரந்தரக் குடியிருப்பும் இல்லாதவர் அங்கே சொத்தை விட்டு இறந்தால் 60,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புக்கு 26 முதல் 40 சதவீதம் வரை அந்நாட்டு மரணச் சொத்து வரி உண்டு. இதிலிருந்து காக்க இந்தியாவுக்கு அமெரிக்காவோடு ஒப்பந்தம் இல்லை. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் உங்கள் 67 லட்சம் 74,000 டாலரைத் தாண்டும். இன்றைய 22 லட்சத்துக்கு இந்தக் கவலை இல்லை.

என்ன செய்யலாம்

இருக்கும் ஏஎம்டியை விற்றே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடன் இல்லாத பணம், எட்டு லட்சம் லாபத்தில் நிற்கிறது. 24 மாதக் கணக்கை ஆப்பில் பார்த்து, அது முடிந்திருந்தால் ஒரு பகுதியை விற்று யூனிட்டின் ஓடியைக் குறைப்பதை யோசியுங்கள். முழுவதும் விற்றாலும் வரி சுமார் ஒரு லட்சம்தான் வரும். மீதியை உங்கள் நம்பிக்கைக்காக வைத்திருங்கள். மச்சானோடு பேச விஷயமும் வேண்டுமே.

புதிதாகப் போட ஆசை என்றால் செலவு போக மிஞ்சும் லாபத்திலிருந்து, ஆண்டுக்கு 10 லட்சத்துக்குள். அதில் டிசிஎஸ் தொல்லையும் இல்லை. ஏஎம்டியா, இன்டெலா, என்விடியாவா என்று ஒன்றைப் பிடிக்காமல் பல கம்பெனிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டுமானால், அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளைக் கொண்ட நாஸ்டாக் 100 குறியீட்டைப் பின்பற்றும் இந்திய ஃபண்டுகள் நம்மூர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்கு எல்ஆர்எஸ் வேண்டாம், வெளிநாட்டுச் சொத்து அட்டவணை வேண்டாம், அந்த மரண வரியும் வராது. ஒரே எச்சரிக்கை: வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பு காரணமாக இவற்றின் சந்தை விலை சில நேரம் உண்மை மதிப்பைவிட மேலே நிற்கும். வாங்கும் நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஃபண்டும் விழும்போது விழும், ஆர்டர் குறையும் மாதத்திலேயே விழவும் கூடும். அதனால்தான் தொகையைச் சிறிதாகச் சொல்கிறேன்.

வீட்டில் அரைமனசாக இருக்கிறார்கள் என்றீர்கள். நகை உங்கள் மனைவியுடையது. சட்டத்திலும் அது அவருடைய சொத்து, அவர் முழுமனசோடு கையெழுத்துப் போடாமல் எந்த வங்கிக்கும் அது போகக் கூடாது. மேலே போட்ட 33½ லட்சம், 45 லட்சம் கணக்கை அவர் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்த மாதச் சீட்டு ஏலத்தில் கேட்க வேண்டாம். அதற்குப் பதில் இந்த வாரமே உங்கள் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது ஆப்பிலிருந்து 2024 முதலான பரிவர்த்தனைப் பட்டியல், வங்கி பணம் அனுப்பியதற்கான ரசீதுகள், இதுவரை போட்ட ஐடிஆர் நகல்கள் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். வெளிநாட்டுச் சொத்து அட்டவணை ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக் கணக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. ஆகவே ஒவ்வொரு ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதி மதிப்பும், அந்த ஆண்டில் தொட்ட அதிகபட்ச மதிப்பும் தனித்தனியாகக் கேட்பார். கெடு முடியாத ஆண்டுக்கு உடனே திருத்திய ரிட்டர்ன் போடச் சொல்லுங்கள். முடிந்துபோன ஆண்டுக்கு என்ன வழி என்று காகிதங்களைப் பார்த்தால் அவரே சொல்வார். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.